சம்பா அறுவடை நேரம்: கண்ணில் சுணை, உமி, வைக்கோல் பட்டால் முதல் நாள் என்ன செய்யணும்?

கேள்வி: வெண்ணாற்றங்கரை

வணக்கம். தை பிறந்ததும் நீடாமங்கலம் பக்கம் சம்பா அறுவடை சூடு பிடித்துவிடும். பெரும்பாலும் செயின் மிஷின்தான் (சேற்றில் ஓடும் அறுவடை இயந்திரம்). தண்ணீர் வடியாத தாக்கிலும் (வயலிலும்) சாய்ந்த பயிரிலும் ஆள் அறுப்பு. ஒரு செட்டில் பதினாலு பேர் இருக்கிறார்கள். வருஷா வருஷம் யாராவது ஒருவருக்குக் கண்ணில் சுணையோ (நெல், வைக்கோல் மேலிருக்கும் பொடி முள்) உமியோ விழுந்துவிடுகிறது. ஊர் வழக்கப்படி ஊதிப் பார்ப்பார்கள், துண்டு முனையால் துடைப்பார்கள், நாக்கால் எடுப்பவரிடம் போவார்கள், நந்தியாவட்டைச் சாறோ தாய்ப்பாலோ விடுவார்கள். மறுநாளும் உறுத்தினால் மருந்துக்கடையில் ஒரு சொட்டு மருந்து.

களத்திலேயே என்னென்ன வைத்திருக்கணும்? எந்த மருந்து விடலாம், எது கூடாது? எந்த அறிகுறி தெரிந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடணும்? பாதுகாப்புக் கண்ணாடி எந்த மாதிரி வாங்கணும்?

இன்னொன்று, இது அவசரமா என்று தெரியவில்லை. மாட்டுக்குப் போரில் வைக்கோல் பிடுங்கும்போது ஒருவருக்கு வலது கண்ணில் குத்திவிட்டது. இன்றோடு ஐந்து நாள். வயது 57, சர்க்கரை உண்டு. கடையில் வாங்கிய சொட்டு மருந்தில் இரண்டு நாள் சிவப்பு குறைந்தது. நேற்றிலிருந்து மறுபடி வலி, வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை, தண்ணீர் கொட்டுகிறது. கருவிழியில் கடுகளவு வெள்ளை தெரிகிறது. புரை முற்றுகிறது, அறுவடை முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள்.

பதில்: கருவிழி

கடைசியாகக் கேட்டதற்குத்தான் முதல் பதில். அவரை இன்றே கண் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். ராத்திரி ஆனாலும் சரி.

அது புரை இல்லை. புரை, பாப்பாவுக்கு (கருவிழி நடுவில் தெரியும் கறுப்பு வட்டம்) பின்னால் இருக்கும் லென்சில் வருவது. அது வலிக்காது, சிவக்காது, ஐந்து நாளில் முளைக்காது. வைக்கோல் குத்திய கண்ணில் வலியோடு வெள்ளைப் புள்ளி வந்தால் அதைக் கருவிழிப் புண் என்றே எடுத்துக்கொள்ளணும். அந்தப் புண் ஆறினாலும் தழும்பு நிற்கும். ஊரில் 'கண்ணில் பூ விழுந்துவிட்டது' என்பது அதைத்தான். பூ ஓரத்தில் விழுந்தால் பார்வை பெரிதாகக் குறையாது, பாப்பாவுக்கு நேரே விழுந்தால் கண்ணாடி போட்டாலும் தெளியாது. கடுகளவில் பிடித்தால் கடுகளவு தழும்போடு போகும்.

விட்ட சொட்டு மருந்தை இப்போதே நிறுத்திவிட்டு, புட்டியை அட்டைப்பெட்டியோடு எடுத்துப் போங்கள். சர்க்கரை மாத்திரைச் சீட்டும் கடைசியாகப் பார்த்த சர்க்கரை அளவும் கையில் இருக்கட்டும். கண்ணுக்குக் கட்டுப் போடாதீர்கள், வெயில் கண்ணாடி போதும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரிகளில் கண் பிரிவு உண்டு. திருச்சியில் 1934 முதல் இயங்கும் ஜோசப் கண் மருத்துவமனையும் எட்டிவிடும் தூரம்தான். எங்கே போனாலும் 'புண்ணைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பீர்களா' என்று கேளுங்கள்.

ஏன் அதைக் கேட்கச் சொல்கிறேன் என்றால், நம் தென்பகுதியில் வரும் கருவிழிப் புண்களில் ஏறக்குறைய பாதி பூஞ்சையால் வருபவை. வைக்கோல், உமி, கரும்புச் சோகை, மாட்டு வால் எது பட்டாலும் ஃபியூசேரியம், அஸ்பெர்ஜில்லஸ் போன்ற பூஞ்சை வித்துகள் கூடவே உள்ளே போகும். பூஞ்சைக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு வேறு மருந்து. வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் பிரிப்பது அனுபவம் உள்ளவர்களுக்கே தவறும். மரத்துப்போகும் சொட்டு விட்டு, புண்ணின் ஓரத்திலும் அடியிலும் மெல்லிய தகட்டால் சுரண்டி எடுத்து, கண்ணாடிச் சில்லில் 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டுப் பார்த்தால் பூஞ்சை இழை சில நிமிடங்களில் தெரிந்துவிடும். பெரிய செலவு கிடையாது. மருந்தைத் தீர்மானிப்பது அந்தச் சில்லுதான்.

'இரண்டு நாள் சிவப்பு குறைந்தது, பிறகு கூடியது' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் புட்டியில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டீராய்டு வீக்கத்தையும் சிவப்பையும் அடக்கும், கிருமியைக் கொல்லாது. கண் வெளுத்துக் காட்டும்போதே உள்ளே பூஞ்சை தடையில்லாமல் வளரும்.

பதில்: வெண்ணாற்றங்கரை

புட்டியில் 'ஆஃப்லாக்சசின்', 'டெக்ஸாமெத்தசோன்' என்று இரண்டு பெயர் போட்டிருக்கிறது. வண்டி பிடித்தாகிவிட்டது, தஞ்சாவூர் கிளம்புகிறார்கள். மற்றதையும் எழுதுங்கள், அறுவடைக்கு இன்னும் பத்து நாள்தான்.

பதில்: கருவிழி

டெக்ஸாமெத்தசோன்தான் ஸ்டீராய்டு. அந்தப் பெயரை டாக்டரிடம் கட்டாயம் சொல்லச் சொல்லுங்கள், எத்தனை நாள் எத்தனை வேளை விட்டார் என்பதையும்.

இனி முதல் நாள் விவரம். கருவிழியின் நடுப்பகுதி அரை மில்லிமீட்டர் தடிமன்தான். அதன் மேல்தோல் அதிலும் பத்தில் ஒரு பங்கு. அந்தத் தோல் கிழியாதவரை கிருமி உள்ளே இறங்குவது கடினம். கிழிந்தாலும் சின்னக் கீறலாக இருந்தால் ஓரிரு நாளில் தானே மூடிக்கொள்ளும். அந்த ஓரிரு நாள் கதவு திறந்திருக்கும் நேரம். கருவிழிக்கு ரத்தக் குழாய் கிடையாது, அதனால் உடம்பின் எதிர்ப்பும் மெதுவாகத்தான் வந்து சேரும். தேய்த்தால் கீறல் பெரிதாகும். சாறு, பால், எண்ணெய் விட்டால் திறந்த கதவு வழியே கிருமியை நாமே அனுப்புவதாகும். தாய்ப்பால் குழந்தைக்கு அமிர்தம்தான், ஆனால் கிருமி இல்லாத திரவம் இல்லை. நந்தியாவட்டைப் பூவை மூடிய இமைமேல் வைப்பதையும் சாறு பிழிந்து உள்ளே விடுவதையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. காயம்பட்ட கண்ணுக்குள் பூ, இலை, நாக்கு எதுவும் போகக் கூடாது.

உமி, சுணை, தூசி விழுந்தால்: முதலில் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவணும். சுணை படிந்த கையால் தொட்டால் இன்னும் நாலு சுணை உள்ளே போகும். கொதித்து ஆறிய தண்ணீர், இல்லையென்றால் மூடி திறக்காத குடிதண்ணீர் பாட்டில், இல்லையென்றால் மருந்துக்கடையில் கிடைக்கும் நார்மல் சலைன். அடிபட்டவரை உட்காரவைத்து, பட்ட கண் கீழ்ப்பக்கம் வரும்படி தலையைச் சாய்க்கச் சொல்லுங்கள். மூக்கோரத்திலிருந்து காதோரம் பார்த்து, நாலு விரல் உயரத்திலிருந்து மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். அவர் கண்ணை மேலே, கீழே, இடம், வலம் உருட்டிக்கொண்டே இருக்கணும். அரை லிட்டர் தாராளமாக ஊற்றலாம். போர்செட் தொட்டி, வாய்க்கால் தண்ணீர் வேண்டாம். அதில் பாக்டீரியாவோடு அகந்தமீபா என்ற ஓரணு உயிரியும் இருக்கும், கீறலில் அது புகுந்தால் மாதக்கணக்கில் வைத்தியம்.

கழுவியும் உறுத்தல் போகவில்லையா? மேல் இமையின் இமைமுடியைப் பிடித்து முன்னால் இழுத்து, கீழ் இமைமேல் போர்த்தி விடுங்கள். கீழ் இமைமுடி, மேல் இமையின் உள்பக்கத்தைத் துடைத்துவிடும். அதற்கும் வரவில்லை என்றால் இமையைத் திருப்பிப் பார்க்கணும். அவரைக் கீழே பார்க்கச் சொல்லி, இமைமுடியைப் பிடித்துக்கொண்டு, இமை விளிம்புக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே பஞ்சுக் குச்சியை வைத்து அழுத்தினால் இமை மடங்கிக்கொள்ளும். விளிம்பை ஒட்டி உள்பக்கம் ஒரு மெல்லிய பள்ளம் தெரியும். சுணை மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அங்கேதான். ஒவ்வொரு தடவை கண் சிமிட்டும்போதும் அது கருவிழியை மேலும் கீழுமாக உழும். நனைத்த பஞ்சுக் குச்சியால் ஒரே இழுப்பில் எடுத்துவிடலாம். வெள்ளைவிழியிலும் இமையிலும் மட்டும்தான் இப்படி எடுக்கலாம். கருவிழிமேல் எது ஒட்டியிருந்தாலும் பஞ்சு, துணி, விரல் எதையும் வைக்காதீர்கள். நுண்ணோக்கி வைத்து டாக்டர் எடுக்கணும்.

உமியைப் பற்றித் தனியாகச் சொல்லணும், இதில் பலர் ஏமாறுகிறார்கள். நெல் உமி குழிந்த ஓடம் மாதிரி இருக்கும். குழிந்த பக்கம் கண்ணில் படிந்தால் காற்று வாங்கிய கிண்ணம் போலப் பிடித்துக்கொள்ளும், கழுவினாலும் வராது. பெரும்பாலும் கருவிழியும் வெள்ளைவிழியும் சேரும் கோட்டில் உட்காரும். முதல் நாள் உறுத்தல் அடங்கினதும் மறந்துவிடுவார்கள். வாரக்கணக்கில் அங்கேயே இருந்து, சுற்றிலும் ரத்தக் குழாய் ஓடி, மஞ்சள் கொப்புளம் மாதிரி தெரியும். 'கண்ணில் கட்டி' என்று மருந்து விட்டுக்கொண்டே இருப்பார்கள். அறுவடைக்குப் பிறகு ஒரே கண் மட்டும், ஒரே இடத்தில் சிவந்து நின்றால் அங்கே உமி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

பூச்சிமருந்து, பேட்டரி ஆசிட், வெற்றிலைச் சுண்ணாம்பு பட்டால் கணக்கே வேறு. அப்போது சுத்தமான தண்ணீர் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. பக்கத்தில் எந்தத் தண்ணீர் இருக்கிறதோ அதை அந்த நிமிஷமே ஊற்றணும். மருந்துக்குப் பதினைந்து நிமிடம், சுண்ணாம்புக்கு அரை மணி நேரம், கடிகாரம் பார்த்து. சுண்ணாம்புத் துணுக்கு இமைக்கு அடியில் ஒட்டியிருக்கும், இமையைத் திருப்பி எடுத்தால்தான் எரிவது நிற்கும். கழுவி முடித்தபிறகே வண்டி ஏறணும்.

மிஷின் கத்தியைச் சுத்தியால் தட்டும்போது இரும்புச் சில் தெறித்து உள்ளே போயிருந்தால் கழுவவே கூடாது, அழுத்தவும் கூடாது. பேப்பர் கப்பைக் கண்மேல் கவிழ்த்து ஒட்டி அனுப்புங்கள்.

நேபாளத்தின் பக்தபூர் பகுதியில் நடந்து 2001ல் வெளியான ஆய்வு ஒன்று நம் ஊருக்கும் பொருந்தும். கருவிழியில் கீறல் பட்டவர்களைக் கிராமத்திலேயே சோதித்து, 1 சதவீத குளோரம்ஃபெனிகால் களிம்பை நாளைக்கு 3 வேளை, 3 நாள் போட்டார்கள். அடிபட்ட 18 மணி நேரத்துக்குள் வந்தவர்களில் ஒருவருக்கும் புண் வரவில்லை. ஒரு நாள் தாண்டி வந்தவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் புண் வந்தது. களிம்பைவிட இங்கே எனக்கு முக்கியமாகப் படுவது அந்த 18 மணி நேரம். காலையில் பட்டால் சாயங்காலத்துக்குள், சாயங்காலம் பட்டால் மறுநாள் காலை முதல் வேலையாகப் பார்த்துவிடணும். ஃப்ளூரசின் என்ற சாயம் தோய்த்த தாளை நனைத்துக் கண்ணில் தொட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தால் கீறல் பச்சையாக ஒளிரும், ஒரு நிமிட வேலை.

பதில்: மருந்துப்பெட்டி

கடைப் பக்கத்திலிருந்து நான் சொல்ல வேண்டியது சொட்டு மருந்துப் பெயர்கள். புட்டியில் பெரிய எழுத்தில் இருக்கிற கம்பெனிப் பெயரைப் பார்க்காதீங்க. அதுக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கிற மருந்துப் பெயரைப் பாருங்க. டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசலோன், ஃப்ளூரோமெத்தலோன், லோட்டிபிரெட்னால், இதுல எது இருந்தாலும் ஸ்டீராய்டு. பாதிப் புட்டிகள் ஆன்டிபயாட்டிக்கும் ஸ்டீராய்டும் கலந்ததுதான், அதனால 'ஆன்டிபயாட்டிக் போட்டிருக்கே' என்று நம்பிடாதீங்க. வைக்கோல், செடி, மண் பட்ட கண்ணுக்கு டாக்டர் விளக்கு வைத்துப் பார்க்காமல் இந்தப் புட்டி போகவே கூடாது. சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்துதான் இது. நாள்பட விட்டால் கண் அழுத்தமும் ஏறும், புரையும் வரும்.

மாக்ஸிஃப்ளாக்சசின், ஆஃப்லாக்சசின் தனியாக இருந்தால் அது பாக்டீரியாவுக்கு மட்டும். பூஞ்சையை ஒன்றும் பண்ணாது. ஃப்ளூகோனசோல் சொட்டு பூஞ்சை மருந்துதான், ஆனால் வயலிலிருந்து வரும் இழைப் பூஞ்சைகளுக்கு அது போதாது. ஃபியூசேரியத்துக்கு முதல் மருந்து 5 சதவீத நாட்டமைசின். அரவிந்த் கண் மருத்துவமனைகளில் நாட்டமைசினையும் விலை கூடிய வோரிகோனசோலையும் ஒப்பிட்டு 2013ல் வெளியான ஆய்வில் நாட்டமைசின்தான் முந்தியது, அதுவும் ஃபியூசேரியம் புண்ணில் தெளிவாக.

மரத்துப்போகும் சொட்டு, அதாவது ப்ரோபராகெய்ன், எந்தக் காரணத்துக்கும் வீட்டுக்கு வாங்கிப் போகாதீங்க. வலி உடனே நிற்கும், அதனால திரும்பத் திரும்ப விடத் தோணும். கருவிழித் தோல் வளர விடாமல் கரைந்துபோகும்.

களத்துப் பெட்டிக்கு நீங்க வாங்க வேண்டியது: 500 மில்லி நார்மல் சலைன் இரண்டு புட்டி (ஒரு தடவை திறந்தால் மிச்சத்தைக் கண்ணுக்குப் பயன்படுத்தாதீங்க), தனித்தனியாகப் பொட்டலம் போட்ட பஞ்சுக் குச்சி, சோப்பு, டார்ச், பேப்பர் கப், ஒட்டும் டேப். குளோரம்ஃபெனிகால் களிம்பு சின்ன சின்ன மாத்திரைக் கூடாக வரும், ஒரு கூடு ஒரு வேளைக்கு. பலர் ஒரே டியூபைப் பகிர்வதைவிட இது சுத்தம். உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் முன்கூட்டியே பேசிச் சீட்டு வாங்கி வைத்துக்கோங்க. அந்த மருந்து ஒத்துக்காதவங்க யாராவது இருக்காங்களா என்றும் கேட்டுக்கோங்க. களிம்பு போட்டாச்சு என்று ஆஸ்பத்திரிப் பயணத்தைத் தள்ளிப்போடக் கூடாது.

சொட்டு விடுற முறையிலேயே பாதி மருந்து வீணாகுது. கண்ணுக்குள்ள ஒரு சொட்டுக்கு மேல் தங்க இடம் கிடையாது, இரண்டாவது சொட்டு கன்னத்தில்தான் வழியும். கீழ் இமையை இழுத்துப் பை மாதிரி ஆக்கி ஒரே சொட்டு. புட்டி முனை இமைமுடியில் படக் கூடாது. கண்ணை மெதுவாக மூடி, மூக்கோரத்தில் விரலால் ஒன்றிரண்டு நிமிஷம் அழுத்திப் பிடிக்கணும், இல்லாட்டி தொண்டைக்கு இறங்கிடும். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிஷ இடைவெளி. களிம்பு எப்பவும் கடைசி. திறந்த தேதியைப் புட்டியிலேயே எழுதி, ஒரு மாசத்தில் தூக்கிப் போடுங்க. போன வருஷப் புட்டி மாடத்தில் இருந்தால் அதையும் இன்றைக்கே போட்டுடுங்க.

பதில்: களத்துமேடு

கண்ணாடிக்கு வருகிறேன். சாதாரணக் கூலிங் கிளாஸ் பக்கவாட்டில் திறந்திருக்கும், சுணை அங்கேதான் நுழையும். பாலிகார்பனேட் வில்லை, பக்கத்தில் மறைப்பு, நெற்றியோடு இடைவெளி இல்லாத வளைவு, இது மூன்றும் இருக்கணும். ஐ.எஸ். 5983 அல்லது இசட் 87 என்ற தர எண் கண்ணாடி ஃபிரேமில் அச்சிட்டிருக்கும். அறுப்பவர்களுக்கும் கட்டுக் கட்டுபவர்களுக்கும் இது போதும். மிஷினுக்குப் பின்னால் நிற்பவர், டிரெய்லரில் நெல் கொட்டும்போது தள்ளிவிடுபவர், கொள்முதல் நிலையத்தில் தூற்றும் மிஷினில் மூட்டை கவிழ்ப்பவர், இந்த மூவருக்கும் முகத்தோடு ஒட்டி, எலாஸ்டிக் பட்டையில் மாட்டும் மூடிய வகை வேண்டும். அதில் காற்றுத் துளை நேராக இல்லாமல் மறைவாக மடங்கி இருக்கணும். நேர்த்துளை வழியாகச் சுணை வரும். வெள்ளை வில்லையே வாங்குங்கள், கறுப்பு வில்லை சாயங்காலம் கழற்றவைக்கும்.

எல்லோரும் கழற்றி வைப்பதற்கு முதல் காரணம் ஆவி படிவது. தை மாதப் பனியில் காலை ஒன்பது மணி வரை படியத்தான் செய்யும். பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் ஒரு சொட்டு விட்டு உள்பக்கம் முழுக்கப் பரப்பி, கழுவாமல், காய்ந்த பருத்தித் துணியால் தெளியும்வரை துடையுங்கள். நாலைந்து மணி நேரம் தாங்கும். இரண்டாவது காரணம் வியர்வை. முண்டாசை நெற்றியில் தாழ்த்திக் கட்டி, அதன்மேல் கண்ணாடிப் பட்டை வரணும். வேலை முடிந்து முண்டாசை அவிழ்க்கும்போது கண்ணை மூடிக்கொண்டு, குனிந்து, பின்பக்கமாக எடுக்கணும். அதில் படிந்த சுணை அப்படியே முகத்தில் கொட்டும். அதே துண்டால் முகம் துடைப்பதை நிறுத்தினாலே பாதிப் பேருக்குக் கண் பிரச்சினை வராது.

நிற்கும் இடமும் முக்கியம். மிஷின் பதரையும் வைக்கோல் தூசியையும் பின்னால் துப்பும். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ அந்தப் பக்கம் ஆள் நிற்கணும். தை மாதத்தில் பெரும்பாலும் வடகிழக்கு வாடை. மதியத்துக்கு மேல் கீழ்க்காற்று தூக்கினால் இடம் மாறிக்கொள்ளுங்கள். அடைப்பு எடுக்கும்போதும், ராத்திரி ஏர் அடித்து மிஷினைச் சுத்தம் பண்ணும்போதும்தான் ஆபத்து அதிகம். அதற்கு மூடிய கண்ணாடி இல்லாமல் யாரையும் விடாதீர்கள்.

மாசி, பங்குனியில் உளுந்து, பயறு அடிக்கும்போதும் இதே கண்ணாடிதான். கரும்புச் சோகை உரிப்பவர்களுக்கும் அப்படியே. விளக்கு வெளிச்சத்தில் வேலை என்றால் ஒரு பூச்சியைக் கவனியுங்கள்: எறும்பு மாதிரி மெலிந்து, கறுப்பும் செம்மஞ்சளும் மாறி மாறிப் பட்டை போட்டிருக்கும். இமைமேல் உட்கார்ந்தால் நசுக்காமல் ஊதித் தள்ளணும். நசுங்கினால் அதன் திரவம் இமையைப் புண்ணாக்கிவிடும். பட்டுவிட்டால் சோப்பும் தண்ணீரும்.

பதில்: வெண்ணாற்றங்கரை

சுரண்டிப் பார்த்துவிட்டார்கள், பூஞ்சைதான். நாட்டமைசின் ஒரு மணிக்கு ஒரு தடவை, அட்ரோபின் நாளைக்கு இரண்டு வேளை. சர்க்கரை 280 இருந்ததால் அதற்கும் மாத்திரை மாற்றியிருக்கிறார்கள். மூன்று சந்தேகம். அட்ரோபின் விட்டதும் பாப்பா பெரிதாகிப் பார்வை மங்கிவிட்டது என்று பயப்படுகிறார். நாட்டமைசின் வெள்ளையாகப் புண்மேல் ஒட்டிக்கொள்கிறது, புண் பெருகுகிறதா என்று தெரியவில்லை. எத்தனை நாள் ஆகும்? கூடவே, செட்டில் மற்றவர்களுக்குச் சாதாரணக் கண்வலியா, புண்ணா என்று எப்படிப் பிரிப்பது? இரண்டு பேருக்குக் கண்ணில் சதை வேறு வளர்ந்திருக்கிறது.

பதில்: கருவிழி

நல்ல வேளை, பூஞ்சை என்று தெரிந்துவிட்டது. அட்ரோபின் உள்ளே இருக்கும் தசையைத் தளர்த்தும், அதனால் வலி குறையும், பாப்பா லென்சோடு ஒட்டாமல் இருக்கும். பாப்பா விரிவது அந்த மருந்தின் வேலை. நிறுத்திய பிறகும் ஒரு வாரம், பத்து நாள் விரிந்தே இருக்கும். அதுவரை கிட்டப் பார்வை மங்கும், வெளிச்சம் கூசும். வண்டி ஓட்ட வேண்டாம்.

நாட்டமைசின் கரைசல் இல்லை, மாவு கலந்த நீர் மாதிரி. ஒவ்வொரு தடவையும் நன்றாகக் குலுக்கணும். குலுக்காமல் விட்டால் மேலே தெளிந்த தண்ணீர்தான் கண்ணில் விழும், மருந்து புட்டி அடியிலேயே நிற்கும். புண்மேல் வெள்ளையாகப் படிவது மருந்துதான். அதைத் துடைக்கவோ பஞ்சால் எடுக்கவோ கூடாது. இந்த மருந்து கருவிழிக்குள் ஆழமாக இறங்காது. அதனால்தான் டாக்டர் சில நாளுக்கு ஒரு முறை மறுபடி சுரண்டி வழிவிடுவார். 'ஏன் திரும்பத் திரும்பச் சுரண்டுகிறார்கள்' என்று ஆஸ்பத்திரியை மாற்றிவிடாதீர்கள். மணிக்கொரு தடவை என்பதைத் தாளில் மணி எழுதி, விட்டதும் ஒரு கோடு போட வையுங்கள். ராத்திரிக்கு என்ன இடைவெளி என்று டாக்டரிடம் கேட்டு அதையும் எழுதுங்கள். வலி ஒரு வாரத்தில் குறையலாம், மருந்து மட்டும் வாரக்கணக்கில் ஓடும். வலி போனதும் நிறுத்துவதால்தான் பூஞ்சை அடியில் உயிரோடு இருந்து திரும்ப வரும். வலி கூடினாலோ, கருவிழிக்குப் பின்னால் அடியில் வெள்ளையாகச் சீழ் மட்டம் கட்டினாலோ, திடீரென்று சூடான நீர் வழிந்து கண் சுருங்கினதுபோல இருந்தாலோ, மறு தேதிக்குக் காத்திருக்காமல் போகணும். சர்க்கரை இறங்கினால்தான் தோல் மூடும், அந்த மாத்திரையும் கண் மருந்துதான் என்று அவரிடம் சொல்லுங்கள். இந்தச் சாக்கிலேயே விழித்திரையையும் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் பார்வை நன்றாக இருந்தாலும் வருஷத்துக்கு ஒரு முறை பாப்பாவை விரித்துப் பார்க்கணும்.

பிரித்துப் பார்ப்பதற்கு: மெட்ராஸ் ஐ பெரும்பாலும் ஒரு கண்ணில் தொடங்கி இரண்டுக்கும் வரும், காலையில் பீளை ஒட்டும், ஆனால் பீளையைத் துடைத்தால் பார்வை தெளியும். புண் ஒரே கண்ணில் நிற்கும், குத்தும், வெளிச்சம் பட்டால் திறக்க முடியாது, பார்வை மங்கும். தினசரி காலண்டரைப் பத்தடி தள்ளி மாட்டி, ஒவ்வொரு கண்ணாக மூடித் தேதியைப் படிக்கச் சொல்லுங்கள். பட்ட கண்ணில் மட்டும் படிக்க முடியவில்லை என்றால் அன்றே ஆஸ்பத்திரி. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள், வெள்ளைப் புள்ளி அப்போதுதான் தெரியும். கண்சிவப்போடு தலைவலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் என்றால் அது கண் அழுத்தம் திடீரென்று ஏறியது. அதற்கும் அன்றே போகணும்.

சதை அவசரமில்லை. வெயிலிலும் தூசியிலும் வேலை செய்பவர்களுக்கு மூக்கோரத்திலிருந்து கருவிழிமேல் ஏறுவது அது. பார்வைக் கோட்டை நெருங்கினாலோ கண்ணாடி பவர் மாறிக்கொண்டே இருந்தாலோ எடுக்கலாம். வெறுமனே வெட்டி எடுத்தால் திரும்ப வளர அதிக வாய்ப்பு, அதே கண்ணின் மேல்பகுதித் திசுவை எடுத்து அந்த இடத்தில் ஒட்டினால் அந்த வாய்ப்பு வெகுவாகக் குறையும். எந்த முறை என்று கேட்டுக்கொள்ளுங்கள். அறுவடை முடிந்து போகட்டும். சதைக்கும் சொட்டு மருந்து கேட்டுக் கடைக்குப் போனால் அதே ஸ்டீராய்டு புட்டிதான் கைக்கு வரும்.

பதில்: வெண்ணாற்றங்கரை

மிக்க நன்றி. புட்டியைக் குலுக்காமல்தான் இரண்டு நாளாக விட்டிருக்கிறார்கள், இப்போது சொல்லிவிட்டேன். கண்ணாடி பன்னிரண்டு சாதாரணம், நாலு மூடிய வகை சொல்லியாச்சு. செட்டில் மூன்று பேர் பார்வைக் கண்ணாடி போடுகிறவர்கள், அவர்களுக்கு? புண் உள்ளவர் எப்போது வேலைக்கு வரலாம்?

பதில்: களத்துமேடு

பார்வைக் கண்ணாடிக்கு மேலேயே மாட்டும் அகலமான வகை உண்டு, கேட்டால் தருவார்கள். பஸ் ஸ்டாண்டில் வாங்கிய வெள்ளெழுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அரிவாள் பிடிக்க வேண்டாம். அது ஒரு முழ தூரத்துக்கானது, கால் கிட்ட இருக்கும் வரப்பு மங்கலாகத் தெரியும்.

பதில்: கருவிழி

வேலைக்குத் திரும்புவதைத் தேதி வைத்துச் சொல்ல முடியாது. பச்சைச் சாயம் பிடிக்காமல் தோல் முழுக்க மூடி, டாக்டர் மருந்தை நிறுத்தி, அதன்பிறகும் கண் வெளுப்பாகவே நிற்கணும். இந்தச் சம்பாவுக்கு அவரைத் தாக்கில் இறக்க வேண்டாம். கூலி போகக் கூடாது என்றால் மிஷின் மணிக்கணக்கு எழுதும் வேலையைக் கொடுங்கள். காற்று வரும் பக்கத்து வரப்பில் குடை பிடித்து உட்காரட்டும். மணி பார்த்து எழுதும்போதே அவர் சொட்டு மருந்துக்கும் கோடு போட்டுக்கொள்ளலாம்.